கண்ணாடிக்கு உள்ளே போட்ட பெஞ்சு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகள் சிலர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். குறைமாதக் குழந்தைகள் அறையில், கண்ணாடிக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறதே, போகவர முழங்காலில் இடிக்கிறது, அதைத் தூக்கி வெளியே போட்டால் என்ன என்று கேட்டார்கள். இடிக்கத்தான் செய்யும். என் முழங்காலிலும் பல வருஷம் இடித்திருக்கிறது. அதை அங்கே போட்டவள் நான். போடுவதற்காக மேட்ரனோடு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவளும் நான். ஆகவே பெஞ்சில் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மெஷின்களைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் மெஷின் என்று இருந்தது தச்சர் செய்து கொடுத்த ஒரு மரப்பெட்டி. அதன் மூடியில் இரண்டு பல்பு. கரண்ட் போனால் சுடுதண்ணீர்ப் பை. அதை வைத்துக்கொண்டே குழந்தைகளைப் பிழைக்கவைத்தோம் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பிழைக்கவைப்பது ஒரு வேலை, வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு வேலை. முதல் வேலையை எனக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவதை ஒரு கப்பலில், வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு கற்றேன்.

மெயின்லேண்டிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். அன்றைய போர்ட் பிளேரில் நோயாளியை டிஸ்சார்ஜ் செய்தது டாக்டர் இல்லை, கப்பல். நிக்கோபார் பக்கத்துத் தீவிலிருந்து வந்தவனுக்கு உடம்பு நேராகி, தினம் வார்டைச் சுற்றி நடந்து, எங்களுக்கு விறகு கூடப் பிளந்து கொடுத்துக்கொண்டிருப்பான். ஏன் இன்னும் படுக்கையை அடைத்துக்கொண்டிருக்கிறான் என்று புதிதாக வந்த டாக்டர் கேட்பார். "கப்பல் இல்லை சார்" என்போம். அதே மாதிரி, இன்னும் நாலு நாள் வைத்திருக்க வேண்டிய ஆளைக் கப்பல் வந்துவிட்டது என்பதற்காகக் கட்டுப் போட்டு அனுப்பியதும் உண்டு. கப்பல் புரோகிராம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஒட்டியது அப்படியே நடந்தால் எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கச்சால் தீவில் அரசாங்க ரப்பர் தோட்டம் போட்டு, இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு கர்ப்பிணியைக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். பெயர் தெய்வானை. கால் வீங்கி, முகம் வீங்கி வந்தாள். வந்த இரண்டாம் நாளே, மாதம் நிறையாமல், பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒரு கிலோ முந்நூறு. கையில் எடுத்தால் உள்ளங்கைக்கு வெளியே கால் மட்டும் தொங்கும். அழக்கூடத் தெம்பில்லை.

டாக்டர் ஒரு வங்காளி. நல்லவர், குறைவாகப் பேசுவார். குழந்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், தேக் லீஜியே" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதைவிட அதிகமாக அவர் நம்பிக்கை வைக்கவில்லை. எனக்கு அது சவால் விட்ட மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டேன்.

அப்படியொரு வெறியோடு நான் அதற்கு முன்னும் பின்னும் வேலை பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னச் சங்கில், பால். முதல் வாரங்களில் அதுகூட இல்லை, சொட்டு மருந்துக் குழாயில் சொட்டுச் சொட்டாக. குழந்தைக்கு நான் வைத்த செல்லப் பெயர் சுண்டு. வார்டு முழுக்க அதே பெயர் பரவிவிட்டது. லீவு நாளில்கூடப் பூசைக்குப் போய்விட்டு நேரே வார்டுக்கு வந்து சுண்டுவின் எடையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

தெய்வானை கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே அப்போது பெஞ்சு கிடையாது. அந்தக் காலத்து விதி அது. தாய் உள்ளே வந்தால் கிருமி வரும். பாலை வெளி வராந்தாவில் கிண்ணத்தில் பீய்ச்சி, சின்ன ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். கிண்ணத்தை வாங்குவதற்கு முன்னால் நான் கேட்பேன்: "கையக் கழுவுனியா? சோப்பு போட்டா? முழங்கை வரைக்குமா?" அவள் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். இந்த விதியை மற்ற நர்ஸ்கள் சில நேரம் கொஞ்சம் தளர்த்துவார்கள். நான் தளர்த்த மாட்டேன். என் டூட்டியில் அவள் விரல் நுனிகூட ஜன்னலுக்கு உள்ளே வந்ததில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தினமும் காலையில் அவள் என்னைக் கேட்பாள்: "சிஸ்டர், ஒங்க புள்ள எப்படி இருக்குங்க?"

ஒங்க புள்ள. எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். என்ன பாசம், என்ன நன்றி என்று நினைத்துக்கொள்வேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

எழுபத்தெட்டு நாள். சுண்டு இரண்டு கிலோவைத் தொட்டாள். அடுத்த கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று பலகை சொன்னது. அந்தக் கடைசி ஒரு வாரத்தில் தெய்வானையை உள்ளே கூப்பிட்டு, எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். திட்டம் போட்ட மறுநாள் மத்தியானம் கப்பல் ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்தான். மழை முந்திக்கொள்ளும் போலிருக்கிறதாம், அதனால் கப்பலை முன்னால் தள்ளிவிட்டார்களாம். நாளை சாயங்காலம் கிளம்புகிறது. இதை விட்டால் கச்சாலுக்கு அடுத்தது எப்போது என்று கேட்டேன். வானத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் எடைச் சீட்டைப் பார்த்தார். "ஆப் போலியே, சிஸ்டர். பச்சே கோ ஆப் ஜான்தி ஹைன்" என்றார். குழந்தையை உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லுங்கள்.

அன்று என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இந்த நாள் வரும். நிறுத்தி வைக்கலாம். ஆனால் பக்கத்து வார்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்திருந்தது. அது சுவர் ஏறி வந்தால் சுண்டு ஒரு நாள் தாங்க மாட்டாள். அனுப்பலாம். ஆனால் இரண்டு நாள் கடல், மழைக் காற்று, கச்சாலில் ஒரு சின்ன டிஸ்பென்சரி. தெய்வானைக்கோ நாலு வயதில் மூத்த பெண் ஒன்று அங்கே அண்டை வீட்டில் கிடந்தது. இங்கே தெய்வானை வராந்தாவில் படுத்து, பாதிச் சோறு தின்றதில், பால் சுண்டத் தொடங்கியிருந்தது. பால் நின்றால் அந்தத் தீவில் குழந்தைக்கு வேறு வழி கிடையாது. அனுப்புவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன்.

தப்பு அதற்கு அடுத்த நிமிஷம் நடந்தது. "நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன் டாக்டர்" என்றேன். கச்சால் டிஸ்பென்சரிக்குத் தடுப்பூசி மருந்து வேறு அனுப்ப வேண்டியிருந்தது, ஆகவே சுலபமாக அனுமதி கிடைத்துவிட்டது. கடல் எப்படி இருக்குமோ என்று மேட்ரன் இழுத்தார். நான் சிரித்தேன். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள் நான். அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போனவர்கள். மெட்ராஸிலிருந்து இங்கே வந்த கப்பலில் ஊரே வாந்தி எடுத்தபோது நான் இரண்டாம் தடவை சோறு வாங்கித் தின்றவள். "கடல எனக்குச் சொல்லித் தராதீங்க மேடம்" என்றேன். அந்தப் பயணம் ஜனவரி மாதத்தில், கடல் குளம் மாதிரி கிடந்தபோது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கையிலிருந்த ஒன்றரை நாளில் எல்லாவற்றையும் தயார் செய்தேன். டின் பால் வந்த கெட்டி அட்டைப்பெட்டியில் பஞ்சு அடைத்து மெத்தை. மூன்று சுடுதண்ணீர்ப் பை. தெர்மாஸ், பாலாடை, தெர்மாமீட்டர், அலாரம் கடிகாரம். இரண்டு பக்கத்துக்கு என் கையெழுத்தில், எந்தெந்த மணிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல். தெய்வானையை மட்டும் தயார் செய்யவில்லை. கப்பல் ஏறும்போது அவளிடம், "நீ ஒண்ணும் தொடாண்டாம் தெய்வான, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

முதல் ராத்திரி நன்றாகவே போனது. அடுத்த நாள் விடிந்தபோது கப்பல் டென் டிகிரி சேனலுக்குள் போயிருந்தது. லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவே உள்ள திறந்த கடல் அது. கீழ்த்தளத்தில் எங்கள் பலகைப் படுக்கை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. ஏழு மணிக்கு எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஏழேகாலுக்கு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எட்டு மணிக்கு, அம்மா என்று கூப்பிடக்கூட வாய் திறக்க முடியவில்லை. கடல்காரியின் லட்சணம் அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டி படுக்கையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கியது. தெய்வானை தரையில் குத்தவைத்து, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மட்டும். உள்ளே கை வைக்கவில்லை.

சுடுதண்ணீர்ப் பைகள் ஆறிவிட்டன. தண்ணீர் கேட்டு அனுப்பினால் சமையல்காரர் தானே இறங்கி வந்தார், வயதான தெலுங்கர். "சூல்ஹா பந்த் ஹை, சிஸ்டர். இத்னா ஹில்தா ஹை, ஆக் நஹீ ஜலா சக்தா" என்றார். கப்பல் இப்படி ஆடும்போது அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்பது கப்பல் சட்டம். அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியை இன்ஜின் ரூம் சுவர் பக்கம் வைத்தால் சூடாக இருக்கும் என்று யாரோ ஒரு பயணி சொன்னார். அங்கே எண்ணெய்ப் புகை. வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

அலாரம் அடித்தது. பால் நேரம்.

"சிஸ்டர், மணி ஆச்சுங்களா?" என்றாள் தெய்வானை, மெதுவாக.

அவள் பீய்ச்சிக் கொடுத்த பாலை வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். கண் இருட்டியது. அந்த நேரத்தில் அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. எழுபத்தெட்டு நாள் நான் ஊட்டிய குழந்தை, என் கைக்குத்தான் பழக்கம், நான்தான் ஊட்ட வேண்டும் என்று பிடிவாதம். சுண்டுவை மடியில் வைத்தேன். பாதம் சில்லென்று இருந்தது. பாலாடையை உதட்டில் வைத்தேன். கப்பல் ஒரு தூக்குத் தூக்கியது. என் கை சாய்ந்தது, பால் மொத்தமாக வாய்க்குள் போய்விட்டது.

சுண்டு சத்தமே போடவில்லை. உதடு நீலமானது.

குப்புறக் கவிழ்த்தேன், முதுகில் தட்டினேன், தேய்த்தேன், வாயை உறிஞ்சித் துப்பினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு விக்கல், ஒரு தும்மல், பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. நான் உடனே திரும்பி வாளிக்குள் வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே அழுதேன். ஆஸ்பத்திரியில் யாரும் சாகடிக்காத குழந்தையை என் பிடிவாதத்தால் நானே சாகடித்திருப்பேன். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"தெய்வான, நீ எடு" என்றேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "நானா? எனக்கு ஏலாதுங்க சிஸ்டர். பயமா இருக்கு. நான் கண்ணாடிக்கு வெளிய இருந்துதானே பாத்துருக்கேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். மூத்தவளைப் பெற்று வளர்த்தவள்தான். ஆனாலும் இந்தப் பிள்ளையைத் தொடுவது தப்பு என்று எழுபத்தெட்டு நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நன்றாகவே கற்றிருந்தாள்.

"ஒனக்குத் தல சுத்தலியா?"

"சுத்துதுங்க. ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு பாக்குறது?"

எனக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. அடுப்பு இல்லை, பல்பு இல்லை, பெட்டி பயனில்லை. அந்தக் கப்பலில் சரியான சூட்டில் இருந்த ஒரே பொருள் அவள் உடம்பு. "ரவிக்கைய அவுத்துட்டு, புள்ளய அப்படியே நெஞ்சுல ஒட்ட வை. மேல சேலையச் சுத்து" என்றேன். பக்கத்துப் படுக்கைப் பெண்கள் ஒரு போர்வையைப் பிடித்து மறைவு கட்டினார்கள். எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொன்னதில்லை அது. வேறு வழி இல்லாததால் சொன்னது.

முதலில் அவள் குழந்தையைத் தள்ளியே பிடித்திருந்தாள். நெஞ்சில் பட்டதும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். இலங்கைத் தோட்டத்தில் மலைச்சரிவில் கொழுந்து பறித்தவள் அவள். சேலை கிழியாமல் இருக்க இடுப்பில் சாக்குப் படங்கு கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கியவள். அந்தப் படங்கு முடிச்சையே போட்டு, என் கம்பளிச் சால்வையால் குழந்தையையும் தன்னையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிச்சு அசையவில்லை. ஒரு கை தூணைப் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்தது.

அரை மணி கழித்து, படுத்தபடியே கையை நீட்டிப் பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பு வந்திருந்தது.

இனிப் பால். நான் படுக்கை விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்: "மொத்தமா ஊத்தாத. ஒதட்டுல வை, அதுவா நக்கட்டும்."

"தெரியுங்க" என்றாள்.

அவள் ஊட்டியதைப் பார்த்தேன். ஒரு வாய், நிறுத்தம். இரண்டு வாய், நிறுத்தம். நான் சொல்லாத இடத்தில் எல்லாம் நிறுத்தினாள், சரியாக நிறுத்தினாள். "அங்க எதுக்கு நிறுத்துன?" என்று கேட்டேன்.

"புருவத்தத் தூக்குச்சுங்க. புருவத்தத் தூக்குனா மூச்சு வாங்கணும்னு அர்த்தம். நீங்க ஊட்டுறப்ப கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருப்பேனே. நீங்க நிறுத்திருவீங்க. ராத்திரி டூட்டி சிஸ்டருக்குத் தெரியாது, ஊத்திக்கிட்டே இருப்பாங்க. அப்பதான் கக்கும்."

நான் வாளியை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். என் கை எங்கே நிறுத்துகிறது என்று எனக்கே தெரியாது, ஏதோ பழக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். ராத்திரியில் குழந்தை கக்குவது ஏன் என்று ஒரு மாதம் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பால் கெட்டி என்றோம், தண்ணீர் கலந்தோம், அளவைக் குறைத்தோம். அதனாலேயே எடை ஏறாமல் இரண்டு வாரம் நின்றது. காரணம் தெரிந்த ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே கிண்ணத்தோடு நின்றிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாமான்னு தெரியலீங்க. ஒங்க புள்ளயாச்சே, ஒங்களுக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

அப்போதுதான் அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது. அதில் நன்றியும் இல்லை, பாசமும் இல்லை. தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதை அவள் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கார் நிக்கோபாரில் நங்கூரம் போட்டார்கள். கப்பல் அடங்கியது, அடுப்பு எரிந்தது, சமையல்காரர் எனக்குக் கறுப்புத் தேநீரும் மூன்று பைக்கும் சுடுதண்ணீரும் கொண்டுவந்தார். எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய புத்தியும் வந்தது. பெட்டியைத் தயார் செய்து, குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். தெய்வானை மறுக்கவில்லை. ஆனால் அவள் தோள், அவளுக்கே தெரியாமல், கொஞ்சம் திரும்பிக்கொண்டது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில், "சிஸ்டர், இது எதையோ தேடுதுங்க" என்றாள். சால்வைக்குள் சுண்டு தலையை ஆட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். முலையில் போட்டால் குழந்தை களைத்துவிடும், எடை குறையும் என்பது எங்கள் வார்டு விதி. அந்த விதியை எழுதிய பட்டியல் என் பைக்குள் இருந்தது. "விடு, பாப்போம்" என்றேன். ஏழெட்டு இழுப்பு இழுத்தாள், தூங்கிப்போனாள். தெய்வானை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அட்டைப்பெட்டியில் என் செருப்பையும் அலாரம் கடிகாரத்தையும் போட்டு மூடினேன்.

மறுநாள் மத்தியானம் கச்சால். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகு வந்து பக்கவாட்டில் அணையும், கயிற்று ஏணியில் இறங்க வேண்டும். கீழே படகு ஏறி ஏறி இறங்கியது. படகில் நின்ற கலாசி கையை நீட்டி, "பச்சா இதர் தோ, மா-ஜி" என்று குழந்தையைக் கேட்டான். நான் முந்திக்கொண்டு, "என்கிட்ட குடு தெய்வான, நான் மொதல்ல எறங்குதேன்" என்றேன்.

அவள் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"வேணாங்க சிஸ்டர். எம்புள்ளய நானே எறக்கிக்கிறேன்."

ஏணியில் பின்பக்கமாகக் கால் வைத்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று, படகு மேலே வரும் நேரம் பார்த்து, கடைசிப் படியிலிருந்து காலை எடுத்து வைத்தாள். மலைச்சரிவில் இறங்கிப் பழகிய கால். அடுத்து நான் இறங்கினேன். என்னைத்தான் கலாசி இடுப்பைப் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

கரையில் அவள் புருஷன் நின்றான். தோட்டத்துக்குக் காடு வெட்டப் போன இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான், கையெல்லாம் மரப்பால் காய்ந்து கறுத்த பிசின். மூத்த பெண் அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய மூன்று மாதமாக அவன் மனைவியைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் முதலில் என்னிடம்தான் வந்தான், வெள்ளை உடுப்பைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சிஸ்டரம்மா, இத எப்படிங்க பாத்துக்கிறது? என்னென்ன செய்யணும்னு சொல்லுங்க, அப்படியே செஞ்சிருவோம்."

பட்டியல் என் பையில் இருந்தது. இரண்டு பக்கம், மணிக்கணக்கோடு. எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"என்னயக் கேக்காதீங்க. ஒங்க சம்சாரத்தக் கேளுங்க. அவளுக்குத்தான் தெரியும்" என்றேன்.

அவன் திரும்பினான். சால்வையின் விளிம்பில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. அழப்போகிறவன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினான்.

தெய்வானை ஓரடி பின்னால் வைத்தாள்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வா" என்றாள். "சோப்பு போட்டு. முழங்கை வரைக்கும்."